ஃபார்ம் அப்புறம், முதலில் விளக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வந்திருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், நியூ ஜெர்சிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்களைச் சேர்த்து வைத்தது காமிக்ஸ்தான். அவர் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர். நான் லயனும் ராணி காமிக்ஸும். இங்கே வந்த பிறகு இரண்டு பேருமே மார்வெல் பக்கம் சாய்ந்துவிட்டோம்.

கையில் ஒரு ஷார்ட் பாக்ஸ், உள்ளே 40 புத்தகம். "தம்பி, எல்லாத்தையும் மொத்தமா கிரேடிங்குக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன். ஃபார்ம் எப்படி நிரப்பணும்னு மட்டும் சொல்லு" என்றார்.

"ஃபார்ம் அப்புறம் பார்ப்போம்ணே. முதல்ல புத்தகத்தைப் பார்ப்போம்" என்று சொல்லிச் சமையலறை மேசையைத் துடைத்தேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. வீட்டில் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மூன்று மணி வாக்கில் முடிந்தபோது, 40இல் அனுப்பலாம் என்று தேறியது ஆறு. மிச்சம் 34 புத்தகத்துக்கும் கட்டணம் கட்டியிருந்தால் அண்ணனுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் போயிருக்கும். அந்த நாலைந்து மணி நேரத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கிரேடிங் செலவைக் குறைப்பது எப்படி என்று கேட்கிறவர்கள் எல்லாரும் தள்ளுபடி எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். தள்ளுபடியும் உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் பெரிய பணம் மிஞ்சுவது, புத்தகம் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால்தான்.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக: ஃப்ளோரிடாவில் சரசோட்டா என்ற ஊரில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் இருக்கிறது. 2000இல் தொடங்கியது. நாம் அனுப்பும் காமிக்ஸைப் பக்கம் பக்கமாக எண்ணிப் பார்த்து, யாராவது பழுது பார்த்திருக்கிறார்களா என்று சோதித்து, 0.5 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்து, திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். இந்த வேலைக்குக் கிரேடிங் என்றும் அந்த உறைக்கு ஸ்லாப் என்றும் பெயர். அடைக்காத புத்தகம் 'ரா'. சி.ஜி.சி.யின் முதல் தலைவராக இருந்த ஸ்டீவ் போரோக் வெளியே வந்து, இதே வேலைக்காக 2014இல் தொடங்கியது சி.பி.சி.எஸ். வாங்குகிறவர் கண்ணால் பார்க்காமல், ஒரு எண்ணை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

1962இல் 12 சென்ட்டுக்கு விற்ற அமேஸிங் ஃபேன்டஸி 15ஆம் இதழ், ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த புத்தகம், 9.6 எண்ணோடு 2021இல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தி வந்த நாட்களில் என்னைப் போன்ற எத்தனையோ பேர் பரணில் கிடந்த பெட்டியை இறக்கினோம். கொரோனா காலம், விலையெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. நான் பத்துப் புத்தகம் எடுத்து அனுப்பினேன். அதில் ஏழு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தவை. 1991இன் எக்ஸ்-மென் முதல் இதழ் மட்டும் மூன்று.

அந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிக்கு மேல் விற்று கின்னஸில் ஏறியது. வாங்கியவர்கள் எல்லாரும் பின்னால் விலை ஏறும் என்று நம்பி, வாங்கிய அன்றே உறையில் போட்டுப் பத்திரமாக வைத்தார்கள். அதனால் இன்றைக்கும் புத்தம் புதிதாக லட்சக்கணக்கில் கிடக்கிறது. நல்ல எண்ணோடு ஸ்லாப் ஆனவையே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எனக்கு 9.6 வந்தது. கட்டணம், போக வரத் தபால் எல்லாம் சேர்த்து ஒரு புத்தகத்துக்கு 35 டாலர் ஆகியிருந்தது. விற்றபோது ஒன்று 45 டாலருக்குப் போனது. ஈபே கமிஷனும் வாங்கியவருக்கு அனுப்பிய தபாலும் கழித்தால், புத்தகத்தைச் சும்மா கொடுத்ததோடு கைப்பணமும் கொஞ்சம் போயிருந்தது. அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இன்று வரை அந்த நோட்டில் கணக்கு எழுதாமல் ஒரு புத்தகத்தையும் அனுப்பியதில்லை.

கணக்கு இதுதான். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், அனுப்பும் அன்றைக்கு அவர்களுடைய பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பேச்சுக்கு, கிரேடிங் 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து புத்தகம் அனுப்பினால் 150. பார்சலுக்கான கையாளும் கட்டணம் 5. போகிற தபால் இன்ஷூரன்ஸோடு 20, திரும்பி வர 35. மொத்தம் 210, புத்தகத்துக்கு 42. பிரஸ்ஸிங், அதாவது அட்டையின் பள்ளங்களை அழுத்தி நிமிர்த்துவது, செய்தால் இன்னும் 18. ஆக 60. ரா நிலையில் அந்தப் புத்தகம் 20 டாலருக்குப் போகும் என்றால், என் கையிலிருந்து போனது 80. ஈபேயில் பதின்மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே பிடித்துக்கொள்வார்கள். எனவே 92 டாலருக்கு மேல் விற்றால்தான் போட்ட பணம் வரும். அதற்குக் கீழே விற்கிற புத்தகத்தை அனுப்பினால், பிளாஸ்டிக் பெட்டிக்கு நாம் பணம் கட்டியதாகத்தான் அர்த்தம்.

அந்த விலையை எங்கே பார்ப்பது? ஈபேயில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டி, கடைசி இரண்டு மூன்று மாத விலையைப் பாருங்கள். சி.ஜி.சி.யின் சென்சஸ் இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. எந்த இதழ், எந்த எண்ணில், எத்தனை பிரதி இதுவரை ஸ்லாப் ஆகியிருக்கிறது என்று அதில் தெரியும். 9.8 மட்டும் பல ஆயிரம் இருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது மிக முக்கியம். புத்தகத்தைப் பார்த்து 9.8 வரும் என்று உங்களுக்குத் தோன்றினால், கணக்கை 9.4இல் போடுங்கள். நம் புத்தகத்தை நாம் பார்க்கும்போது கண் கொஞ்சம் இரக்கப்படும். எனக்கும் அப்படித்தான், அண்ணனுக்கும் அப்படித்தான். 9.4இன் விலையிலும் கணக்கு தேறினால் அனுப்பலாம். 9.8 வந்தால் மட்டும் தேறும் என்றால் அது லாட்டரிச் சீட்டு.

இனி விளக்கு விஷயம். அண்ணன் பெட்டியில் அமேஸிங் ஸ்பைடர்மேன் 300 இருந்தது. 1988 மே மாத இதழ், டாட் மெக்ஃபார்லேன் வரைந்தது, வெனம் முழுசாக வருகிற முதல் கதை. அண்ணன் பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கி, உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தார். "இது 9.8 தம்பி, சந்தேகமே இல்ல" என்றார்.

உறையைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். உறையின் வாயை மூடியிருக்கும் டேப்பை முழுசாக உரித்து, உருட்டித் தூரப் போட்டுவிட்டுத்தான் புத்தகத்தை வெளியே இழுக்க வேண்டும். பாதி உரித்து மடக்கி விட்டுவிட்டு இழுத்தால், டேப்பின் பசை அட்டையில் ஒட்டி, இழுக்கிற வேகத்தில் அச்சு மையோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். முப்பது வருஷம் பழுதில்லாமல் இருந்த புத்தகம், கிரேடிங்குக்குத் தயார் செய்கிற நிமிஷத்தில் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, மேசையில் சுத்தமான வெள்ளைத் துணி விரித்து, புத்தகத்தைப் படுக்க வைத்தேன். மேல் விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கைப் புத்தகத்தின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு மேசையாகத் தாழ்த்தி வைத்தேன். நேராக மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. வயலில் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வரப்பும் நிழலோடு எழுந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். அட்டையும் அப்படித்தான். சாய்வு வெளிச்சத்தில் அதுவரை வழவழப்பாக இருந்த இடத்தில் மேடும் பள்ளமும் தெரிய ஆரம்பித்தன.

முதலில் முதுகு. ஸ்டேப்பிள் இருக்கிற விளிம்பில், குறுக்காகச் சின்னச் சின்ன அழுத்தக் கோடுகள். இவற்றை ஸ்பைன் டிக் என்பார்கள். புத்தகத்தைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் விழக்கூடியது. அண்ணனிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். "அஞ்சு" என்றார். "அதில வெள்ளையாத் தெரியறது எத்தனைண்ணே?" கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டு."

இந்த வெள்ளையில்தான் எல்லாம் இருக்கிறது. அட்டை மடங்கியும் மை உடையாமல் இருந்தால், அது வெறும் பள்ளம். ஈரப்பதமும் சூடும் அழுத்தமும் கொடுத்தால் நிமிர்ந்துவிடும். மை உடைந்து உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள் தெரிந்துவிட்டால், அதைக் கலர் பிரேக் என்பார்கள். எந்தப் பிரஸ்ஸும் அதைச் சரி செய்யாது. ஒரு புத்தகத்துக்குப் பிரஸ்ஸிங் செலவு செய்யலாமா கூடாதா என்பதற்கு வேறு சோதனையே தேவையில்லை. பள்ளங்கள் நிறைய, வெள்ளை இல்லை என்றால் செய்யலாம். வெள்ளைதான் நிறைய என்றால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நான்கு முனைகள். கீழ் வலது முனை லேசாக மழுங்கியிருந்தது. புத்தகத்தைத் திருப்பினோம். பின் அட்டையில் விரல் பதிந்த மாதிரி அரை நிலா வடிவில் ஒரு பள்ளம். யாரோ ஒரு காலத்தில் நின்றுகொண்டே கையில் பிடித்துப் படித்திருக்கிறார்கள். ஸ்டேப்பிளில் துரு இல்லை. உள் பக்கங்களை நடுவிலிருந்து மெல்லப் பிரித்து எண்ணினேன், எல்லாம் சரியாக இருந்தது. என் கணக்கில் 9.2. நன்றாகப் பிரஸ் செய்தால் ஒருவேளை 9.4.

அண்ணன் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ஆனால் இந்தப் புத்தகம் 9.2இலேயே கணக்கு தேறும். 300ஆம் இதழைத் தேடுகிறவர்கள் நிறைய, போலி நம்பிக்கையில் ரா புத்தகம் வாங்கிச் சூடு பட்டவர்களும் நிறைய. எனவே ஸ்லாப்புக்கு நல்ல விலை உண்டு. தேறிய ஆறில் இதுதான் முதல்.

அதே பெட்டியில் இன்னொரு புத்தகம் இருந்தது. அதை எழுதுவதற்கே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. இன்க்ரெடிபிள் ஹல்க் 181. 1974 நவம்பர் இதழ், வோல்வரின் முழுசாக முதலில் வருவது இதில்தான். அண்ணன் இதை ஒரு தனிநபரிடமிருந்து ரொக்கம் கொடுத்து வாங்கி, இத்தனை வருஷமாகத் தன் பெட்டியிலேயே பெரிய புத்தகம் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் வாசகர் கடிதப் பக்கத்தைத் தேடித் திருப்பினேன். பக்கத்தில் ஒரு சதுர ஓட்டை.

1974இல் மார்வெல் தன் இதழ்களில் 'மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப்' என்று சின்னப் படங்களை அச்சடித்தது. வெட்டி எடுத்து ஒரு ஆல்பத்தில் ஒட்டிச் சேர்க்க வேண்டும். ஹல்க் 181இல் இருந்தது ஷானா என்ற பாத்திரத்தின் ஸ்டாம்ப். அந்தக் காலத்துப் பிள்ளைகள் சொன்னபடி கத்தரிக்கோலை எடுத்து வெட்டினார்கள். நாமும் கூப்பன் வெட்டி அனுப்பியவர்கள்தானே, அவர்கள் மேல் என்ன குற்றம்? ஆனால் இன்று அந்த ஸ்டாம்ப் இல்லாத ஹல்க் 181க்கு வழக்கமான நீல லேபிளில் அடிமட்டத்து எண் கிடைக்கும், அல்லது குறையைக் குறிப்பிடும் பச்சை லேபிள் கிடைக்கும். விலை ஒரேயடியாக இறங்கும்.

அண்ணன் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இதை நான் விக்கப் போறதில்ல தம்பி" என்றார். விற்கப் போவதில்லை என்றால் கிரேடிங்கும் வேண்டாம். அதுவும் இந்த மாதிரி விலையுள்ள புத்தகத்துக்குக் கட்டணப் படி இன்னும் மேலே. நல்ல மைலார் உறையும் அமிலமில்லாத அட்டையும் சேர்த்து ஒன்றிரண்டு டாலர் ஆகும். புத்தகத்தைக் காப்பாற்ற அது போதும். வேண்டும்போது எடுத்துப் படிக்கவும் முடியும்.

ஆகவே எழுபதுகளின் மார்வெல் எதுவாக இருந்தாலும், வாங்கும்போதும் அனுப்பும்போதும் பக்கங்களைப் பிரித்துப் பாருங்கள். ஸ்டாம்ப் இருக்கிறதா, நடுப் பக்கத் தாள் கழன்று விழுந்திருக்கிறதா, பக்கம் குறைகிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம்தான் ஆகும். முதுகில் யாராவது கறுப்பு மார்க்கரால் வெள்ளையை மறைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அட்டையின் உட்பக்கம் மை ஊறித் தெரியும். அது இருந்தால் ஊதா லேபிள், பழுது பார்த்தது என்று முத்திரை விழும். உங்கள் கையாலும் எதையும் ஒட்டாதீர்கள், நிறம் தீட்டாதீர்கள்.

பிரஸ்ஸிங் பற்றி இன்னும் கொஞ்சம். சி.ஜி.சி. அதைப் பழுது பார்த்தலாகக் கருதுவதில்லை, எனவே எண் ஏற அது நேர்மையான வழிதான். நான் ஒரு தடவை மலிவாகக் கிடைக்கிறதே என்று, இணையத்தில் எட்டு டாலருக்குச் செய்து தருகிற ஒருவரிடம் கொடுத்தேன். 1984 மே மாத அமேஸிங் ஸ்பைடர்மேன் 252, கறுப்பு உடை வருகிற இதழ். போகும்போது நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது, ஸ்டேப்பிளின் உருவம் நடுப்பக்கத்திலிருந்து பின் அட்டை வரை அச்சாகப் பதிந்திருந்தது. அட்டையின் ஓரம் அலை அலையாக இருந்தது. எட்டு டாலர் கொடுத்து நூறு டாலர் மதிப்பைக் கெடுத்துக்கொண்டேன். இப்போது யாரிடம் கொடுப்பதானாலும், முதலில் இரண்டு டாலர் பெறாத புத்தகம் ஒன்றைக் கொடுத்து வேலையைப் பார்க்கிறேன்.

சி.ஜி.சி.யின் சகோதர நிறுவனமான சி.சி.எஸ். பிரஸ்ஸிங் செய்கிறது. அங்கே கொடுத்தால் பிரஸ் முடிந்ததும் அப்படியே உள்ளுக்குள்ளேயே கிரேடிங்குக்குப் போய்விடும். நடுவில் ஒரு தபால் செலவு மிச்சம். பெட்டியை இரண்டு தடவை லாரியில் ஏற்றி இறக்கும் ஆபத்தும் மிச்சம். விலை கொஞ்சம் கூடத் தெரிந்தாலும் இதைச் சேர்த்துப் பார்த்தால் பல நேரம் சரியாகவே வரும்.

சரி, தள்ளுபடிக்கு வருகிறேன். கட்டணம் இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: வெளிவந்த வருஷமும் சந்தை மதிப்பும். 1975 முதல் வந்தவை மாடர்ன், அதற்கு முந்தையவை விண்டேஜ். மாடர்ன்தான் மலிவு. அதிலும் ஒரே தடவையில் 25 புத்தகம் சேர்த்து அனுப்பினால் பல்க் விலை. தனியாளாக 25 நல்ல புத்தகம் சேர்ப்பது கஷ்டம். எண்ணிக்கைக்காகக் குப்பையைச் சேர்த்து அனுப்பினால் தள்ளுபடியே நஷ்டமாகிவிடும். அதனால் நாங்கள் ஏழு பேர் சீட்டுப் பிடிப்பது மாதிரி ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஆளுக்கு மூன்று, நான்கு என்று சேர்ந்து 25 ஆனதும் ஒரே பெட்டியில் போகும். தபால், கையாளும் கட்டணம் எல்லாம் தலைக்குப் பிரியும்.

இதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும், நட்பு கெடக்கூடாது அல்லவா. பணம் முன்னாலேயே வசூல். ஒவ்வொரு புத்தகத்தின் முன்னட்டை, பின்னட்டை, முதுகு மூன்றையும் உரியவர் முன்னிலையில் படம் எடுத்துவிடுவோம். என்ன மதிப்பு போட வேண்டும் என்பதை அவரவரே எழுதித் தர வேண்டும். எண் குறைந்து வந்தால் சேர்த்து அனுப்பியவரைக் கேட்கக் கூடாது. மூன்று வருஷமாக ஒரு சண்டை கிடையாது. இப்படிக் கூட்டாளிகள் கிடைக்காதவர்கள், பக்கத்தில் இருக்கும் காமிக்ஸ் கடையில் விசாரியுங்கள். கிரேடிங் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடைகள் வாடிக்கையாளர்களின் புத்தகத்தைச் சேர்த்து அனுப்புவது வழக்கம்.

பல்க்கில் இன்னொரு வசதி ப்ரீ-ஸ்க்ரீன். 9.8க்குக் குறைந்தால் எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்த எண் எட்டாது என்று அவர்களுக்குத் தோன்றுகிற புத்தகத்தை, சின்னக் கட்டணம் மட்டும் பிடித்துக்கொண்டு, அடைக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 9.8இல் மட்டும் விலை நிற்கிற புதிய புத்தகங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பழைய, மதிப்பான புத்தகத்துக்கு இது தேவைப்படாது.

அக்டோபரில் நியூயார்க் காமிக் கான் நடக்கும்போது, ஜாவிட்ஸ் சென்டரில் சி.ஜி.சி. ஸ்டாலிலேயே நேரில் கொடுத்துவிடலாம். எங்கள் பெட்டி ரயிலில் என் மடியில் போகும். போகிற தபாலும் இல்லை, வழியில் யாரும் தூக்கிப் போடுவதும் இல்லை.

சீக்கிரம் வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டாதீர்கள். சினிமா டிரெய்லர் வந்த வாரம் விற்றுவிட வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்குத்தான் அது. அந்த வேகத்தில் ஏறிய விலை பெரும்பாலும் படம் வெளியாகும் முன்பே இறங்கிவிடுவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

மதிப்பைக் குறைத்து எழுதி மலிவான படியில் நுழைந்துவிடலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி காதில் விழும். தயவுசெய்து செய்யாதீர்கள். எண் போட்ட பிறகு சந்தை மதிப்பு அந்தப் படியைத் தாண்டினால், அவர்களே மேல் படிக்கு மாற்றிக் கட்டணம் பிடிப்பார்கள். அதைவிட முக்கியம், திரும்பி வருகிற பெட்டி தொலைந்தால் நீங்கள் எழுதிய மதிப்புக்குத்தான் இன்ஷூரன்ஸ். 800 டாலர் புத்தகத்துக்கு 200 என்று எழுதிவிட்டு அந்தப் பெட்டிக்காகக் காத்திருப்பதைப் போன்ற வேதனை வேறு இல்லை.

பொட்டலம் கட்டுவதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. புது உறை, புது அட்டை. புத்தகத்தைவிட இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் பெரிதான கெட்டி அட்டைகள் இரண்டுக்கு நடுவில் வைத்து, நகராதபடி ஒட்டி, பிறகு பெட்டி. பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டினால் சத்தம் வரக்கூடாது. டேப் நீல நிற பெயின்டர்ஸ் டேப்பாக இருந்தால் நல்லது. பிரிக்கிறவர் கத்தியை எடுக்கத் தேவையிருக்காது.

கையெழுத்துள்ள புத்தகங்கள் தனிக் கதை. சி.ஜி.சி.யின் மஞ்சள் லேபிள் வேண்டுமென்றால், அவர்களுடைய சாட்சி முன்னால் கையெழுத்து போட்டிருக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே கையெழுத்தோடு இருக்கிற புத்தகத்தை இந்த விதி தெரியாமல் அனுப்பினால், அட்டையில் யாரோ பெயர் எழுதியிருக்கிறார்கள் என்று குறித்து வரக்கூடும். அதற்குக் கையெழுத்தைச் சோதித்து உறுதி செய்கிற சேவையைத் தேட வேண்டும், சி.பி.சி.எஸ்.ஸில் அது உண்டு.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உங்களுக்கு ஸ்லாப்தான் வேண்டும், அலமாரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால், ஏற்கெனவே ஸ்லாப் ஆனதை வாங்குங்கள். நான் அன்று 45 டாலருக்கு விற்ற எக்ஸ்-மென்னை வாங்கினவருக்கு, என் 35 டாலர் செலவும் சேர்ந்தே போனது. சாதாரணப் புத்தகங்களில் இப்படி மற்றவர் செலவு செய்து முடித்தது சந்தையில் நிறையவே கிடக்கிறது.

சென்னையில் இருக்கும் மாமா பையன் தன்னிடம் இருக்கும் சில மார்வெல் புத்தகங்களை அனுப்பலாமா என்று கேட்டான். போக வரக் கூரியர், திரும்பி வரும்போது சுங்கம் என்று பார்த்தால், மிக நல்ல புத்தகம் ஒன்றிரண்டுக்குத்தான் கட்டுப்படியாகும். இங்கே வருகிறவர்கள் கைப்பையில் கொண்டுவந்து, கிரேடிங் முடிந்ததும் இங்கேயே விற்றுவிடுவது மேல். ஸ்லாப் கனமானது, விரிசல் விடக்கூடியது, கடல் தாண்டித் திரும்பப் போக வேண்டிய அவசியமில்லை. அவனிடம் இருக்கிற பழைய முத்து, லயன் இதழ்களைப் பற்றியும் கேட்டான். மைலாரும் அட்டையும் வாங்கி ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். சிவகாசியிலிருந்து வந்த அந்தத் தாள் சென்னைப் புழுக்கத்தில் ரொம்ப சீக்கிரம் பழுக்கும், நொறுங்கும். அவற்றைத் தேடி வாங்குகிறவர்களும் எடுத்துப் படிக்கத்தான் வாங்குகிறார்கள், பெட்டிக்குள் அடைத்தால் அவர்களுக்கே பிடிக்காது.

இந்த அக்டோபர் பெட்டிக்கு அண்ணனுடைய ஆறு, என்னுடைய நான்கு, மற்றவர்களுடைய ஒன்பது என்று 19 சேர்ந்திருக்கிறது. இன்னும் ஆறு இடம் காலி. நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு அண்ணன் போன் செய்தார். கடைக்குப் போய், கழுத்து வளைகிற மேசை விளக்கு ஒன்று வாங்கி வந்திருக்கிறார். பேஸ்மென்ட்டில் இருந்த இன்னொரு பெட்டியைத் திறந்திருக்கிறார். "தம்பி, ஒண்ணு கிடைச்சிருக்கு. முதுகில நாலு டிக். வெள்ளை ஒண்ணுகூட இல்ல. நீ வந்து பாக்குற வரைக்கும் தொட மாட்டேன்" என்றார். சனிக்கிழமை காலையில் போகிறேன்.